முப்பத்தேழு பேரில் ஒருவன்

குடியிருப்பு வாரியத்தின் இணையதளத்தைப் பற்றி இதுவரை ஒரு புகார்கூட வந்ததில்லை. புகார் செய்யும் பக்கம் திறக்காது என்பதுதான் காரணம். பதினாறு வருடங்களுக்கு முன்பு ரிப்பன் வெட்டித் தொடங்கி வைத்த அன்று எப்படி இருந்ததோ, அப்படியே கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். மேலே 'நல்வரவு' என்ற சொல் வலமிருந்து இடமாக ஓடியது. கீழே, வந்து போனவர்களின் எண்ணிக்கையைக் காட்டும் பெட்டி நானூற்றுப் பன்னிரண்டில் நின்றுபோயிருந்தது. நடுவில் அன்றைய தலைவரின் படம். அவர் ஓய்வு பெற்று, உடம்பு முடியாமல் படுத்து, காலமும் ஆகிவிட்டார். ஆனால் படத்துக்குப் பக்கத்தில் 'புதியது' என்ற சிவப்பு எழுத்து இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது.

இந்தத் தளத்தின் காத்திருப்போர் பட்டியலில்தான் லிஃப்ட் மெக்கானிக் பதினோரு வருடமாக இருந்தான். சேரும்போது அவனுக்கு முன்னால் நாலாயிரத்துச் சொச்சம் பேர் இருந்தார்கள். பிறகு சிலருக்கு வீடு கிடைத்தது, சிலர் ஊரைவிட்டுப் போனார்கள், சிலர் பொறுமை இழந்து சொந்தமாகவே கட்டிக்கொண்டார்கள். இப்படியாக ஆடி அசைந்து, ஒரு திங்கட்கிழமை காலையில் அவன் பெயர் முதலிடத்துக்கு வந்துசேர்ந்தது.

அவனுக்கு அந்த வீடு எவ்வளவு தேவை என்பதைச் சொல்லிவிட வேண்டும். நாள் முழுக்க ஊரார் வீட்டு லிஃப்டுகளைப் பழுது பார்ப்பவன் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் ஐந்தாம் மாடியில், ஒற்றை அறையில். தெருவிலிருந்து கதவு வரை தொண்ணூற்றாறு படி. அவன் மனைவி ஒரு டெலிபோன் கம்பெனியின் குறைகேட்கும் பிரிவில் வேலை செய்தாள். ஒன்பது வருடமாக எதிர்முனையில் திட்டுபவர்களிடம் "உங்க சிரமம் எனக்குப் புரியுது" என்று சொல்லியே பழகிய தொண்டை. இப்போது அவளுக்கு எட்டாம் மாதம். மூன்றாம் மாடித் திருப்பத்தில் அவன் அவளுக்காக ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தான். அதில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் அவளால் மேலே ஏற முடிந்தது. குழந்தை பிறப்பதற்குள் புது வீட்டுக்குப் போய்விட வேண்டும், கைக்குழந்தையோடு அவள் இந்தப் படிகளில் ஏறி இறங்கக் கூடாது. அவன் மனத்தில் இருந்ததெல்லாம் இந்த ஒன்றுதான்.

வாரிய அலுவலகத்தின் மூன்றாம் ஜன்னலில் இருந்தவர் அவன் எண்ணைக் கேட்டு, எழுதி, அந்தத் தாளை மடித்துத் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

"தளம் மேம்பாட்டுல இருக்கு. புதுத் தளம் வந்ததும் வாங்க."

"எப்ப வரும்?"

"அதைத் தளத்துலயே போடுவாங்க."

"எந்தத் தளத்துல?"

"புதுத் தளத்துலதான்."

அதோடு ஒரு சுற்றறிக்கையும் கொடுத்தார். பழைய தளத்தையும் அதன் தரவுகளையும் புதிய தளத்துக்கு மாற்றும் பெரும்பணி நடந்துகொண்டிருப்பதாகவும், அது முடியும்வரை எல்லாத் தரவுகளும் உறைநிலையில் வைக்கப்பட்டிருப்பதாகவும் அதில் இருந்தது. தரவு மாறாமல் இருக்க வேண்டுமென்றால் ஆட்களும் மாறாமல் இருக்க வேண்டும் அல்லவா? ஆகவே விண்ணப்பதாரர்கள் இந்தக் காலத்தில் திருமணம் செய்துகொள்வது, பிரிவது, வேலை மாறுவது, குழந்தை பெறுவது ஆகியவற்றைத் தவிர்த்து ஒத்துழைக்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். தவிர்க்க முடியாத காரணத்தால் இறக்க நேரிடுபவர்கள் பதினைந்து நாள் முன்னதாக எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்.

மனைவி அதை மூன்றாம் மாடி நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தாள். "சரி, உள்ள இருக்கறவங்ககிட்ட நான் பேசிப் பாக்கறேன்," என்று வயிற்றைத் தடவிக்கொண்டாள். "ஆனா உங்களை மாதிரி சொன்ன பேச்சு கேக்கும்னு தோணலை. உதைக்கற உதையைப் பாத்தா என்னைக் கொண்டிருக்குன்னு நினைக்கறேன். நீங்க நேரா பெரியவரைப் போய்ப் பாருங்க."

பெரியவர் என்றால் இடமாற்றத் திட்ட இயக்குநர். அவரைப் பார்க்கப் போவதே ஒரு வித்தையாக இருந்தது. நடைவழியின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் காகிதக் கட்டுகள். நடுவில் ஒருவர் பக்கவாட்டில் நடக்கலாம். சாப்பிட்டவர் என்றால் அதுவும் சிரமம். பழைய கணினியில் இருந்த அத்தனை தகவலையும் காகிதத்தில் அச்சடித்து, அதைப் பார்த்துப் புதிய கணினியில் மறுபடியும் தட்டச்சு செய்ய ஏற்பாடாகியிருந்தது. மொத்தம் பதினெட்டு மாத வேலை. அதில் பதினேழு மாதம் வெற்றிகரமாக முடிந்துவிட்டது. வேலை இன்னும் தொடங்கவில்லை.

இயக்குநரின் அறை மூலையில் ஒரு பெண் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். அவள் ஒப்பந்தத்துக்கு வந்த புரோகிராமர், இந்தத் திட்டத்துக்கு மூன்றாவது ஆள். முதல் ஆள் வேலையை விட்டுப் போனார், இரண்டாமவர் நாட்டையே விட்டுப் போனார். இவள் உட்காரும் நாற்காலியைக்கூட வீட்டிலிருந்துதான் எடுத்து வந்திருந்தாள்.

"ரெண்டு கம்ப்யூட்டரையும் இணைச்சா நாப்பது நிமிஷத்துல எல்லாம் மாறிடும்," என்று அவள் மெக்கானிக்கிடம் சொன்னாள். கேட்க ஓர் ஆள் கிடைத்ததே என்ற ஆறுதல் அவள் குரலில் இருந்தது.

இயக்குநர் அன்பாகச் சிரித்தார். நல்ல மனிதர், யாரிடமும் கடிந்து பேசமாட்டார். "அந்தப் பொண்ணு சின்ன வயசு. நாப்பது நிமிஷத்துல முடிச்சுட்டா, பதினெட்டு மாசத்துக்குப் போட்ட திட்டத்துக்கு யார் பதில் சொல்றது? அவசரப்பட்டு முடிச்ச வேலை எதையும் இந்த வாரியத்துல நீங்க பாக்க முடியாது. அது எங்க பெருமை."

மெக்கானிக் தன் மனைவியின் நிலைமையைச் சொன்னான். தொண்ணூற்றாறு படி என்றான். இயக்குநருக்கு உண்மையிலேயே மனம் இளகிவிட்டது. ஒருவருக்காக விதியை வளைக்க முடியாது, ஆனால் அவன் தகவலை எடுத்துப் பார்ப்பதில் தவறில்லை என்று புரோகிராமரிடம் எண்ணைக் கொடுக்கச் சொன்னார். அவள் தட்டினாள். திரையைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"சார், நீங்க முப்பத்தேழு பேர் இருக்கீங்க."

விஷயம் இதுதான். பதினோரு வருடம் முன்பு விண்ணப்பங்களை முதன்முதலாகக் கணினியில் ஏற்றியபோது, முப்பத்தேழு ஊழியர்களுக்கு ஒரு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சிக்கு மாதிரியாக ஒரு விண்ணப்பம் வேண்டியிருந்தது. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று மெக்கானிக்கின் விண்ணப்பத்தை எடுத்து, ஆளுக்கொரு பிரதி கொடுத்துத் தட்டச்சு செய்யச் சொன்னார்கள். முப்பத்தேழு பேரும் செய்தார்கள். பயிற்சி முடிந்ததும் சான்றிதழ் கொடுத்துக் குழுப்படம் எடுத்துக்கொண்டார்கள்; அழிக்க மட்டும் மறந்துவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே விண்ணப்ப எண் என்பதால் பழைய தளம் அவர்களை ஒரே ஆளாக நினைத்துப் பதினோரு வருடம் பொத்திப் பொத்தி வைத்திருந்தது.

அந்த முப்பத்தேழு பேரும் ஒரே மாதிரியும் இல்லை. கைபழகாத காலத்தில் தட்டியது. ஒருவனுக்கு வயது நூற்று அறுபத்தெட்டு, உயரம் இருபத்து நான்கு. ஒருவன் பெண். ஒருவன் இன்னும் பிறக்கவில்லை. பதினான்காவது ஆளுக்குக் குழந்தைகளின் எண்ணிக்கை என்ற கட்டத்தில் மெக்கானிக்கின் பத்து இலக்கத் தொலைபேசி எண் முழுதாக இருந்தது. இவ்வளவு பெரிய குடும்பத்துக்கு முன்னுரிமை கொடுக்காமல் விட்டது யார் என்று இயக்குநர் அங்கேயே ஒரு குறிப்பு எழுதினார்.

"ஒரு கட்டளை போட்டா முப்பத்தாறும் போயிடும்," என்றாள் புரோகிராமர். விரல் விசைப்பலகைக்கு மேல் தயாராக இருந்தது.

"அம்மா, கையை எடு." இயக்குநர் எழுந்தே நின்றுவிட்டார். "நாளைக்கு அந்த முப்பத்தாறு பேர்ல ஒருத்தர் வந்து என் வீடு எங்கேன்னு கேட்டா, நான் எந்த முகத்தோட அவரைப் பாக்கறது?"

அப்படி யாரும் இல்லை, எல்லாமே நான்தான் என்று மெக்கானிக் சொல்லிப் பார்த்தான். இயக்குநர் அவன் தோளில் கை வைத்தார். "நீங்க அப்படித்தான் சொல்வீங்க. உங்க இடத்துல யார் இருந்தாலும் அப்படித்தான் சொல்வாங்க. அதான் இதுல உள்ள சிக்கல்."

விவகாரம் தரவுத் தூய்மைக் குழுவுக்குப் போனது. பத்து நாள் கழித்துத் தபால்காரர் தொண்ணூற்றாறு படி ஏறி வந்து, முப்பத்தேழு கடிதங்களைக் கொடுத்து, முப்பத்தேழு கையெழுத்து வாங்கிக்கொண்டு, தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் போனார். எல்லாக் கடிதமும் ஒன்றுதான்: வரும் வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு நேரில் ஆஜராக வேண்டும், வராதவரின் விண்ணப்ப எண் ரத்து செய்யப்படும். எண்தான் எல்லோருக்கும் ஒன்றாயிற்றே. ஒருவன் வராவிட்டால் முப்பத்தேழு பேருக்கும் சேர்த்து வீடு போய்விடும் என்று புரிந்ததும் மெக்கானிக் மறுபடி வாரியத்துக்கு ஓடினான்.

முப்பத்தேழு முறை உள்ளே போய் வெளியே வரலாமா என்று மூன்றாம் ஜன்னலில் கேட்டான். எல்லோருக்கும் ஒரே நேரம் போட்டிருப்பதால் முடியாது என்றார்கள்.

வழி சொன்னது மனைவிதான். அவள் அன்றைக்குக் களைத்துப்போய் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. அவன் மூன்றாம் மாடித் திருப்பத்தில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னான்.

"முப்பத்தேழு பேர் வேணும்னு அவங்க கேக்கறாங்க. முப்பத்தேழு பேரைக் கூட்டிட்டுப் போங்க," என்றாள். "எங்க ஆபீஸ்ல நாங்க அப்படித்தான். கேக்கறதைக் கொடுத்துட்டா அப்புறம் பேச்சே இருக்காது."

ஆள் சேர்க்கும் பொறுப்பை தெருவின் எதிர்ப்பக்கத்துச் சலூன்காரர் ஏற்றுக்கொண்டார். மெக்கானிக்கைவிடப் பத்து வயது மூத்தவர், தனிக்கட்டை, கடையின் பின்னறையிலேயே படுக்கை. பேச ஆரம்பித்தால் கத்தரிக்கோல் தானாக வேலை செய்யும். முடி வெட்டிக்கொள்ள வருகிறவர்களிடமெல்லாம் விஷயத்தைச் சொல்லி, நாற்காலியிலிருந்து கிளம்ப விடாமல் துணியைக் கழுத்தில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே சம்மதம் வாங்கினார். கட்டடத்திலிருந்து பதினொரு பேர், சலூனிலிருந்து இருபத்து நாலு பேர், அவர், மெக்கானிக். கணக்கு சரியாக இருந்தது.

வியாழக்கிழமை வாரியக் கூடத்தில் முப்பத்தேழு நாற்காலி போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றின் மேலும் மெக்கானிக்கின் பெயர். ஆட்கள் உட்கார்ந்ததும் குழுத் தலைவி கூடத்தை ஒரு நோட்டம் விட்டார். நெட்டை, குட்டை, வழுக்கை, தாடி, இரண்டு தாத்தாக்கள், கட்டடத்து மாடிவீட்டு அம்மாள் ஒருவர். தலைவியின் முகத்தில் திருப்தி தெரிந்தது. முப்பத்தேழு அழைப்புக்கு முப்பத்தேழு பேரும் வந்திருப்பது வாரிய வரலாற்றிலேயே முதல் முறை என்று பக்கத்திலிருந்த உறுப்பினரிடம் சொன்னார். தரவில் இருந்த புகைப்படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அது தபால்தலை அளவில், பழைய கணினியின் மங்கலில், ஓர் உருண்டையும் அதன் கீழே ஒரு சட்டையுமாக இருந்தது. முப்பத்தேழு பேருக்கும் பொருந்தியது.

தேர்வு நேர்மையாகவே நடந்தது, சும்மா சொல்லக் கூடாது. ஆவணத்துக்கு நாற்பது மதிப்பெண், தெளிவுக்கு முப்பது, தன்னம்பிக்கைக்கு முப்பது. எல்லோருக்கும் ஒரே கேள்விகள். எல்லோர் கையிலும் ஒரே அழைப்புக் கடிதம் இருந்ததால் ஆவணத்துக்கு எல்லோருக்கும் முழு மதிப்பெண்.

மெக்கானிக்கின் முறை வந்தபோது அவன் எழுந்து உண்மையைச் சொன்னான். இவர்கள் எல்லோரும் எனக்கு ஒத்தாசையாக வந்தவர்கள், நான் ஒருவன்தான் நிஜம் என்றான். மற்ற விண்ணப்பதாரர்களைப் பற்றிக் குழுவின் முன்னிலையில் அவதூறு பேசியதற்காகப் பத்து மதிப்பெண் குறைத்தார்கள். பிறகு தலைவி கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார்.

"நீங்க நீங்கதான்னு உங்களுக்கு எவ்வளவு உறுதியா தெரியும்?"

அவன் நேர்மையானவன். இப்படி ஒரு கேள்வியைத் தன்னிடம் யாரும் கேட்டதில்லை என்பதால் ஒரு நிமிடம் யோசித்தான். அந்த ஒரு நிமிடத்தையும் குறித்துக்கொண்டார்கள். மனைவி வலி எடுத்துப் படியில் நின்றுவிட்டால் என்ன செய்வாள் என்ற நினைப்பு வேறு ஓடியது. "தெரியும்னுதான் நினைக்கிறேன்," என்றான்.

சலூன்காரரிடம் அதே கேள்வியைக் கேட்டபோது அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. "அம்மா, காலையில கண்ணாடியில பாத்து முகம் கழுவிட்டுத்தான் வந்தேன். வேற யாரும் இல்லை, நான்தான் இருந்தேன்," என்றார். பிறகு வீடு ஏன் வேண்டும் என்று கேட்டார்கள். அவர் தொண்ணூற்றாறு படியையும் சொன்னார். மூன்றாம் மாடி நாற்காலியைச் சொன்னார். அதில் உட்கார்ந்து அவள் கைப்பிடிச் சுவரில் தலை சாய்த்துக்கொள்வதை, காலையில் இறங்கும்போதே சாயங்காலம் ஏற வேண்டுமே என்று முகம் வாடிப்போவதை, பிறக்கப்போகிற குழந்தையை ஒரு கையிலும் காய்கறிப் பையை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு அவள் எதைப் பிடித்துக்கொண்டு ஏறுவாள் என்று யோசித்து யோசித்துத் தூக்கம் போனதை, ஒன்று விடாமல் சொன்னார். எல்லாம் மெக்கானிக் மாதம் ஒருமுறை முடி வெட்டிக்கொள்ளும்போது அவரிடம் சொன்னதுதான். ஆனால் மெக்கானிக்குக்கே கண் கலங்கிவிட்டது. தலைவி கைக்குட்டையை எடுத்தார்.

மாலை முடிவை ஒட்டினார்கள். சலூன்காரர் தொண்ணூற்று நான்கு மதிப்பெண் பெற்று மெக்கானிக்காகத் தேர்வாகியிருந்தார். மெக்கானிக்குக்கு முப்பத்தாறாம் இடம். முப்பத்தேழாவதாக வந்தவர் கூடத்திலேயே தூங்கிவிட்டவர்.

சலூன்காரர் அதைப் பார்த்ததும் அடித்துப்பிடித்துக்கொண்டு தலைவியிடம் ஓடினார். நல்ல மனுஷர், உதவி செய்யப் போய் ஊரார் வீட்டைப் பிடுங்கிக்கொண்டோமே என்று அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. தான் அவர் இல்லை, இவன்தான் அவன், தயவுசெய்து திருத்திவிடுங்கள் என்று கெஞ்சினார். தலைவி அவர் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"திருத்தம் கோர உங்களுக்கு முழு உரிமை இருக்கு. அசல் விண்ணப்பதாரர் மட்டும்தான் திருத்தம் கோர முடியும், நீங்கதான் அசல். ஆனா நீங்க அசல் இல்லைன்னு நீங்களே எழுதிக் கொடுத்தா, அசல் இல்லாதவர் கொடுத்த மனுவை நான் எப்படி வாங்கிக்கறது? வாங்கிக்கிட்டேன்னா விண்ணப்பமே பொய்யாயிடும். வீடு பட்டியல்ல அடுத்தவருக்குப் போயிடும். நல்லா யோசிச்சு முடிவு பண்ணுங்க."

இருவரும் வாசல் படியில் உட்கார்ந்து யோசித்தார்கள். சலூன்காரர் தலையில் அடித்துக்கொண்டார். மெக்கானிக் அவருக்கு ஆறுதல் சொன்னான், வேறு வழி? பதினோரு வருடத்தை அடுத்தவனிடம் தூக்கிக் கொடுப்பதைவிட, வேண்டியவர் ஒருவர் தன் பெயரில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று பட்டது. மனைவியிடமும் சொன்னான். "சாவி வருதுல்ல?" என்று மட்டும் கேட்டாள். அவள் கணுக்கால்கள் வீங்கியிருந்தன.

குழந்தை சுற்றறிக்கையை மதிக்கவில்லை. உறைநிலை முடிய ஒன்பது நாள் இருக்கும்போதே, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், ஆஸ்பத்திரியில் பெண்ணாகப் பிறந்துவிட்டது. மெக்கானிக் அதைக் கையில் வாங்கினான். தான் தான்தான் என்பதில் அவனுக்கு அந்த நிமிடத்தில் துளியும் சந்தேகம் இருக்கவில்லை. குழுவுக்கு முன்னால் இந்த உறுதி வந்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டான்.

புதிய தளத்தின் தொடக்க விழா மறுவாரம் நடந்தது. முந்தின நாள் வரை தட்டச்சு வேலை பாதிகூட ஆகவில்லை. மதிய உணவு இடைவேளையில் எல்லோரும் கூடத்தைக் காலி செய்துவிட்டுப் போன சமயம் பார்த்துப் புரோகிராமர் இரண்டு கணினிகளுக்கும் நடுவே ஒரு வயரைச் சொருகினாள். நாற்பது நிமிடம் ஆனது. திரும்பி வந்தவர்கள் வேலை முடிந்திருப்பதைப் பார்த்து ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள்.

மேடையில் இயக்குநர் உணர்ச்சிவசப்பட்டார். "இது வெறும் தளமாற்றம் இல்லை, ஒரு யுகமாற்றம். பழைய தளத்தில் என்னென்ன குறைகள் இருந்தனவோ, அவற்றில் ஒன்றைக்கூட இழக்காமல் புதிய தளத்துக்குக் கொண்டுவந்திருக்கிறோம். முன்பு ஒரு பக்கம் திறக்கவில்லை என்றால் ஏன் என்று தெரியாது. இன்று ஏன் திறக்கவில்லை என்பதை ஆறு வண்ணங்களில் காட்டுகிறோம். முன்பு மக்கள் எங்கள் அலுவலகத்துக்கு வந்து காத்திருந்தார்கள். இனி அவர்கள் வீட்டில் இருந்தபடியே காத்திருக்கலாம். வீடு இல்லாதவர்களுக்கும் இந்த வசதியைக் கொண்டுசேர்ப்பதே எங்கள் அடுத்த இலக்கு."

கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆனது. திரையில் 'நல்வரவு' இப்போது இடமிருந்து வலமாக ஓடியது. முதல் பயனாளியாகச் சலூன்காரரை மேடைக்கு அழைத்து, மெக்கானிக்கின் பெயரைச் சொல்லி, சாவியைக் கொடுத்து, அவர் முகத்தை நான்கு பக்கமும் படம் பிடித்துத் தளத்தில் பதிந்துகொண்டார்கள். சலூன்காரர் சவரம் செய்துகொள்ளும் ஆளைப் போலத் தலையை அசைக்காமல் நின்றார். கீழே மூன்றாம் வரிசையில் மெக்கானிக்கும் கைதட்டினான். தட்டாமல் இருந்தால் யாராவது கவனிப்பார்களோ என்று பயமாக இருந்தது.

வீடு நன்றாகவே இருந்தது. ஆறாம் மாடி, இரண்டு அறை, வெளிச்சமான சமையலறை, ஓசையே இல்லாத லிஃப்ட். விண்ணப்பதாரரின் குடும்பம் ஏழு நாளுக்குள் குடியேறாவிட்டால் ஒதுக்கீடு போய்விடும் என்பதால் மனைவியும் குழந்தையும் உடனே போய்விட்டார்கள். தளத்தில் அவள் விண்ணப்பதாரரின் மனைவி, குழந்தை விண்ணப்பதாரரின் குழந்தை. விண்ணப்பதாரர் சலூனின் பின்னறையில் கூசிக் குறுகிப் படுத்துக்கொண்டார். தினமும் காலையில் ஒருமுறை பஸ் பிடித்து வந்து, அங்கே குடியிருப்பதற்கு அத்தாட்சியாக வெளிவாசல் கேமராவில் முகத்தைக் காட்டிவிட்டு, மாடிக்குப் போகாமலே திரும்பிவிடுவார். "தங்கச்சி, ஏதாவது வேணும்னா சொல்லும்மா," என்று கீழேயிருந்தே போனில் கேட்பார்.

மெக்கானிக்கின் முகத்துக்கு வெளிவாசல் திறக்கவில்லை. அவன் விருந்தாளி என்று பதிந்துகொண்டு உள்ளே போகலாம், ஆனால் மாதத்துக்கு மூன்று நாள்தான். அந்த மூன்று நாளையும் அவன் முதல் வாரத்திலேயே தீர்த்துவிட்டான். பிறகு பழைய ஐந்தாம் மாடி அறைக்கே திரும்பிப் போய்த் தனியாகப் படி ஏறினான். மூன்றாம் மாடி நாற்காலியை மட்டும் அவன் எடுக்கவில்லை. மூன்று பேரும் ஒன்றாக இருப்பதற்காகப் பதினோரு வருடம் காத்திருந்தவனுக்கு, இருந்த இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

மனைவி தினமும் வாரியத்துக்குப் போன் செய்தாள். எதிர்முனையில் ஒரு பெண் குரல் அவளிடம் "உங்க சிரமம் எனக்குப் புரியுது" என்றது. சொன்ன விதத்திலிருந்து, ஒன்றும் நடக்காது என்று இவளுக்கு உடனே தெரிந்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அவன் வாசலில் வந்து நின்றான். காவலாளி பதிவேட்டை நீட்டினார். 'வீட்டுக்காரருக்கு என்ன உறவு' என்ற கட்டத்தில் சென்ற முறைகளில் நண்பர், உறவினர், தெரிந்தவர் என்றெல்லாம் எழுதியாகிவிட்டது. எதற்கும் நாள் மிச்சமில்லை. இன்று அவன் யோசித்து, வாரியத்தின் கணக்கில் தனக்கு மிஞ்சிய பதவியையே எழுதினான்: நகல்.

காவலாளி அதை விரல் வைத்துப் படித்தார். "நகல் மட்டும் செல்லாதுங்க. அசலோட சேர்ந்து வந்தா உள்ள விடறேன்."

ஞாயிற்றுக்கிழமை சலூனில் கூட்டம். அசல் ஏழு மணிக்கு முன் வர முடியாது. அதற்குள் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் இறங்கி வந்துவிட்டாள். விருந்தாளி உள்ளே வரக் கூடாதே தவிர, குழந்தை வெளியே போகக் கூடாது என்று எங்கும் எழுதியில்லை என்றாள். காவலாளி யோசித்துப் பார்த்து ஒப்புக்கொண்டார். ஆனால் வெளியே போவதற்கென்று தனிப் பதிவேடு இருந்தது. நாற்காலி, மிதிவண்டி, பழுதுக்குப் போகிற மின்விசிறி எல்லாம் அதில்தான். பொருள், வீட்டு எண், பெற்றுக்கொள்பவர், பொருளின் நிலை, திருப்பித் தரும் நேரம். மெக்கானிக் நல்ல கையெழுத்தில் நிரப்பினான். குழந்தை, ஒன்று. நிலை: தூங்குகிறது. திருப்பித் தரும் நேரம்: ஆறு மணி.

வாசலுக்கு வெளியே இருந்த சிமெண்டுப் பெஞ்சில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் மனைவி தரையில் உட்கார்ந்துகொண்டாள். குழந்தைக்குப் பசி எப்போது, எந்தப் பக்கம் படுத்தால் அழாது என்றெல்லாம் அவள் சொல்ல, அவன் கேட்டுக்கொண்டான். ஆறு அடிக்கிற நேரத்தில் அது கை கால் நீட்டி, கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தது.

அவன் எழுந்து கொண்டுபோய்க் கதவருகே நீட்டினான். காவலாளி பதிவேட்டையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தூங்குதுன்னு எழுதியிருக்கு. இப்ப முழிச்சிருக்கே. கொண்டுபோன நிலையில கொண்டுவந்தாத்தான் நான் வாங்கிக்க முடியும்."

மனைவி வாயைத் திறக்கப் போனாள். பிறகு கணவனின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

"சரிங்க. தூங்கினதும் கொண்டுவரேன்," என்றான் மெக்கானிக். பெஞ்சுக்குத் திரும்பிப் போய்க் குழந்தையின் தலையைத் தாங்கி மடியில் நிமிர்த்திப் பிடித்து, அதற்குத் தெருவில் போகிற ஒவ்வொரு வண்டியாகக் காட்டத் தொடங்கினான்.